மரத்த கை

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தது பிரகாசிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வரிசையாகப் போட்டிருந்தால் கடைசியில் போய் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டிவிடலாம். கோயிலில் பூசைக்கு அப்படித்தானே உட்காருகிறாள். வட்டத்தில் முதுகே கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் மூஞ்சி. கீழே ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கிற இடத்தில் விசாரித்தபோது அந்த ஆள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கோவக் கிளாஸா? மாடிக்குப் போங்க" என்று வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மாடியில் கதவில் ஒட்டியிருந்த தாளில் உணர்வுகளைக் கையாளும் பயிற்சி என்று கௌரவமாகத்தான் போட்டிருந்தது. கௌரவத்துக்கு என்ன குறைச்சல், வந்திருப்பவர்களுக்குத்தான் அது இல்லை. பரவாயில்லை, உட்கார்ந்து எழுந்தால் போதும். லூர்து மதினி அப்படித்தான் சொல்லியிருந்தாள். புருஷன் கஸ்பாரின் அக்கா அவள், சொன்ன சொல் தவறமாட்டாள். "நீ அந்த வகுப்புல சேரு பிரகாசி. சேந்துட்டன்னு என் கண்ணால பாத்துட்டா, அன்னிக்கே பிள்ளைய உன்கூட அனுப்புதேன்." மகள் அமலி, மதினி வீட்டுக்குப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது போலிருக்கிறது, எண்ணிப் பார்க்கப் பயம். வகுப்பு முடிகிற நேரத்துக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று மதினி சொல்லியிருக்கிறாள். ஆக, சாயங்காலம் அமலி வீட்டில் இருப்பாள். கோதுமை தோசை பிடிக்கும், மாவு இருக்கிறதா? இருக்கிறது. கஸ்பார் கத்தார் கடலில் இருந்து போன வாரம் போன் போட்டபோது வேறொன்றும் பேசவில்லை, "அக்கா சொல்றதக் கேளு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் குரலில் இருந்த பயத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, தன் பெண்டாட்டியிடம் பேசும்போது ஒரு ஆம்பிளைக்கு எதற்குப் பயம், அவளென்ன கடிக்கிற நாயா.

வகுப்பு எடுக்கிற மேடம் சின்ன வயசுதான், மதுரைப் பக்கம் போலிருக்கிறது பேச்சு. கீர்த்தனா என்று பெயர் சொன்னாள். மேடம் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு மிரட்டுவாள் என்று பயந்து வந்ததற்கு, இவள் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் யார் பேசினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லுங்க, சொல்ல விருப்பமில்லேன்னா பேர் மட்டும் போதும் என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சிமுத்து, லாரி டிரைவர். பேர் மட்டும் போதும் என்ற சொல் அவர் காதில் விழவேயில்லை. "எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது மேடம். போன மாசம் வீட்டுக் கதவ நானே ஒடச்சிட்டேன். இப்ப சாக்கு கட்டித் தொங்க விட்டிருக்கு. ஆடு மாடெல்லாம் எட்டிப் பாக்குது" என்றதும் வட்டம் முழுக்கச் சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள். கதவுதானே, கதவை உடைத்தவனுக்குச் சிரிப்பு காட்ட முடிகிறது. அடுத்து அவள் முறை. பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், ஜெபம் மாதிரி. டாக்டரிடம் சொன்னது, மதினியிடம் சொன்னது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னது, எல்லாம் அதே வார்த்தைதான், ஒன்றும் மாறாது. "பிரகாசி. இறால் கம்பெனியில உரிக்கிற வேலை. பிள்ளைய ஒரு அறை அறைஞ்சிட்டேன். காதுல பட்டுட்டு." ஒரு அறை. யார் அறையவில்லை? ஊரில் எந்தத் தாய் அறையவில்லை? பட்ட இடம்தான் தப்பு. இடது காதில் ஜவ்வு கிழிந்து, ஆறுவதற்குள் சீழ் வைத்து, இனி அந்தக் காது சரியாகக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு அறைக்கா இப்படி ஆகும் என்று அவர் கேட்டார். எத்தனை என்று கேட்டார். ஒண்ணு சார், ஒரே ஒண்ணு. மேடம் இப்போது எதுவும் கேட்கவில்லை, "வந்ததுக்கு நன்றிங்கம்மா" என்றாள். கேட்காமல் விட்டதே பெரிய உபகாரம் என்று பிரகாசி சேலை முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

கைகளை மூடிக்கொள்வது பழகிப்போன விஷயம். கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் அப்படித்தான். கம்பெனிக் கொட்டகையில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலே கிடந்து தோல் வெளுத்து, நகத்தடி கறுத்து, விரல் முட்டியெல்லாம் தடித்துப் போன கை. கையுறை கொடுப்பார்கள், போட்டால் இறாலின் தலை கிள்ளி நரம்பு எடுக்கிற வேகம் வராது, வேகம் வராவிட்டால் மேஸ்திரி முகத்தைப் பார்க்க முடியாது. கொட்டகையில் எல்லாருக்கும் அந்தக் கைதான், அதனால் அங்கே யாரும் மூடிக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் தேய்ப்பாள், சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், வாடை போகாது. மேடம் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்க வேண்டும், கேட்டால்தான் மதினி விசாரிக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லலாம். "கோபம் திடீர்னு வர்றதில்லைங்க. வர்றதுக்கு முன்னாடி உடம்பு சொல்லும். கை சூடாகும், விரல் இறுகும், உள்ளங்கை வேர்க்கும். அதக் கவனிச்சிட்டாப் போதும், பாதி வேலை முடிஞ்சுது. உங்க கை உங்ககிட்ட என்ன சொல்லுதுன்னு கேளுங்க." வட்டத்தில் எல்லாரும் தத்தம் கையைப் பார்த்தார்கள். பேச்சிமுத்து உள்ளங்கையை விரித்துக் காதில் வைத்து, "சொல்லு ராசா" என்றார். மறுபடி சிரிப்பு. பிரகாசி முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். அது என்ன சொல்லும். அன்றைக்கு என்ன சொன்னது? அன்றைக்கு வேலை முடிந்து வந்து, கையை அலம்பி, சீப்பை எடுத்துக்கொண்டு, "வாட்டி, தலையப் பின்னி விடுதேன்" என்று கூப்பிட்டாள். மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போக வேண்டும், தெருவில் பிள்ளைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஆறாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை, வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "தொடாதம்மா. கை நாறுது" என்றது. அவ்வளவுதான். அதற்குத்தான் ஒரு அறை. கை சூடானதா, விரல் இறுகியதா, உள்ளங்கை வேர்த்ததா, யாருக்குத் தெரியும். அந்தக் கையால்தான் சோறு வருகிறது என்று நெஞ்சு கொதித்தது, அது நினைவிருக்கிறது. அப்புறம் பிள்ளை கீழே கிடந்தது. நடுவில் என்ன, நடுவில் ஒன்றும் இல்லை, ஒரு அறை, அப்புறம் கீழே கிடந்தது, தலை பின்ன எடுத்த சீப்பு உடைந்து கிடந்தது, அதுவும் இருக்கட்டும். மேடம் மூச்சை இழுத்து மெல்ல விடச் சொன்னாள். எல்லாரும் இழுத்து விட்டார்கள். பிரகாசி இழுத்தாள், விட்டாள். இது சுலபம்தான். ஜன்னலுக்கு வெளியே மாலை வெயில் சரிந்திருந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பிறகு மேடம் கேண்டீனில் இருந்து வாங்கி வைத்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸ்கட்டி. பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒருநாள் கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தால் இங்கேயும் அதுவா. "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கையில வச்சு மூடிக்குங்க. வலிக்கும், விட்டுடணும்னு தோணும். விடாம அந்த வலிய மட்டும் கவனிங்க. தாங்க முடியாத கோபம் வரும்போது இது உங்கள இழுத்துப் பிடிச்சு உங்க உடம்புக்குள்ள கொண்டு வந்து நிறுத்தும்." தூக்குச்சட்டி சுற்றி வந்தது. மூடின கைகளோடு எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்சம் போனதும் ஒரு அம்மா "யப்பா" என்றாள், ஒருத்தர் கைமாற்றிக்கொண்டார், பேச்சிமுத்து "சேசுவே மாதாவே, நான் உங்க ஆளுகூட இல்ல, காப்பாத்துங்க" என்று துள்ளிக் கட்டியைத் தரையில் போட்டுவிட்டார். பிரகாசி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலிக்கும் என்றாளே, இனிமேல்தான் வரும்போல என்று காத்திருந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகி மடியை நனைத்தது, மடி சில்லென்றது, மடிக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மூடின கைக்குள் கட்டி இருக்கிறதா இல்லையா என்று திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். புதிதாக என்ன, எப்போதும் இப்படித்தான். அடுப்பில் இருந்து கொதிக்கிற சோற்றுச் சட்டியைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைப்பாள், தெருவே வாயைப் பிளக்கும், அவளுக்கும் அதில் ஒரு பெருமைதான். ஒருநாள் அமலி அதே மாதிரி தூக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு அழுதது. தலை பின்னும்போதெல்லாம் "வலிக்கும்மா, மெல்ல" என்று சொல்லும், மெல்லத்தானே பின்னுகிறேன், இந்தச் சொகுசுக்காரியை யார் கட்டிக்கொள்வான் என்று மதினியிடம் கேலி பேசியிருக்கிறாள். மெல்லத்தான் பின்னினாளா. கையில் முடி இருப்பதே தெரியாதவளுக்கு மெல்ல எது, இழுப்பது எது. "பாருங்க, பிரகாசியம்மா எவ்வளவு அமைதியா இருக்காங்க" என்று மேடத்தின் குரல் கேட்டது. "முகம்கூடச் சுளிக்கல. முத நாளே இப்படிச் செய்றது ரொம்பக் கஷ்டம். கை தட்டுங்க." தட்டினார்கள். ஈரக் கைகளால் தட்டினார்கள், சத்தம் சொத்சொத்தென்று வந்தது. பேச்சிமுத்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பிரகாசிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. அறை விழுகிற சத்தம் அது. அன்றைக்கு அவள் கேட்ட சத்தம், கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது, அந்தச் சத்தத்தையும் அவள் நம்பவில்லை. ஓங்கி வீசிய கை காற்றில் போன மாதிரி போயிற்று. பட்ட மாதிரியே இல்லை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சரிந்தபோது "நடிக்காதட்டி" என்றாள். படவே இல்லை, அதற்குள் என்ன நடிப்பு, என் கை நாறுகிறதா உனக்கு, நாறுகிறதா. தலைமயிரைப் பிடித்து, காதைப் பொத்தியிருந்த கையை விலக்கி, அதே காதில் இன்னொன்று கொடுத்தாள். பட்டது தெரிய வேண்டும் என்று கொடுத்தாள். அதுவும் தெரியவில்லை. ஒன்று இல்லை, ஒன்று இல்லை, இரண்டு. முதலாவது கோபம், அதை எந்தத் தாயின் கணக்கிலும் எழுதிவிடலாம். இரண்டாவது என்ன?

கைதட்டல் நின்றுவிட்டது. மேடம் துண்டு கொடுத்தாள், எல்லாரும் துடைத்துக்கொண்டார்கள். பிரகாசி எழுந்திருக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியாயிற்று, மேடமே வெளியே வந்து மதினியிடம் சொன்னாலும் சொல்வாள், அதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா. ஆனால் கேள்வி அவளைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டது. "மேடம், கை ஒண்ணுஞ் சொல்லலேன்னா?" மேடம் புரியாமல் சிரித்தாள். "பழகப் பழகச் சொல்லும்மா. எல்லாருக்கும் சொல்லும்." பிரகாசி முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் சின்னதாய் ஒரு ஐஸ் துண்டு இன்னும் இருந்தது. "இது எனக்குக் குளிரல. சுட்டாலும் சுடாது. யாரையாச்சும் அடிச்சா அடிச்சது தெரியாது." மேடம் அந்தத் துண்டைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. நல்ல பெண். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பிரகாசியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "இத நான் யோசிக்கலம்மா. தப்பாப் பாராட்டிட்டேன். நரம்பு டாக்டரப் பாக்கணும். உங்களுக்கு வேற வழியில பழகணும், கைய நம்பாத வழி. அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க, நாம தனியா உக்காந்து பேசுவோம்" என்றாள். அடுத்த வாரம். அதற்குள் எத்தனை சாயங்காலம் இருக்கிறது. வேலை முடிந்து இதே கையோடு வீட்டுக்கு வருவாள், ஒற்றை அறைக்குள் பிள்ளையும் அவளும் மட்டும், சீப்பு, சோறு, பள்ளிக்கூடத்துப் பேச்சு. பிள்ளை என்றால் ஏதாவது சொல்லத்தானே செய்யும். வேலையை விட்டுவிட்டால்? கொட்டகையை விட்டு நின்றுபோன கிழவிகளைப் பார்த்திருக்கிறாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது விரலில் இருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்வார்கள். போன கை போனதுதான். இனி அடிக்கமாட்டேன் என்று மாதாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாள். சத்தியம் பண்ணினது நெஞ்சு, அடித்தது கை, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படியெல்லாம் ஆகாது, ஆகவே ஆகாது, ஒரு தடவை ஆனது மறுபடி ஆகுமா என்று இன்னொரு பக்கம் மனசு கெஞ்சியது. ஆகாமலே போகலாம். இரண்டாவதும் அன்றைக்கு ஆகாமலே போயிருக்கலாம்.

வராந்தாவில் சாயங்காலக் கூட்டம், மருந்து வாங்க வரிசை, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. லூர்து மதினி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அமலி உட்காரவில்லை. முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் துணிமணி திணித்த கட்டைப் பை, தலையைத் தானே பின்னியிருக்கிறாள், வகிடு கோணல். அம்மாவைக் கண்டதும் கட்டைப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எங்கே தன்னைக் கண்டு பின்வாங்கிவிடுமோ என்று பிரகாசி நின்ற இடத்திலேயே நின்றாள். பின்வாங்கவில்லை. வந்து அம்மாவின் வலப்பக்கம் ஒட்டி நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது. "முடிஞ்சுதா பிரகாசி? நல்லாச் சொல்லிக் குடுத்தாவளா?" என்று மதினி எழுந்து வந்தாள். முகத்தில் ஒரு ஆறுதல், பாரத்தை இறக்கி வைக்கப் போகிறவளின் முகம். "காலையிலேருந்து ஒரே பாட்டுதான், அம்மாட்டப் போறேன் அம்மாட்டப் போறேன்னு. சோறுகூட ஒழுங்கா இறங்கல. கூட்டிட்டுப் போ. உன் பிள்ள, நீயே வச்சுக்க." கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் தடுக்கவில்லை. இந்த ஊரில் இந்த நிமிஷம் அவளைத் தடுக்க ஒரு ஆள் கிடையாது, அவளைத் தவிர. மதினியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மதினி, பிள்ள இன்னுங் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இப்ப விடாதீங்க."

மதினி விசிறுவதை நிறுத்திவிட்டாள். "என்ன பேச்சு இது? துணிய மடிச்சுப் பையில வச்சிட்டு நேத்துலேருந்து காத்துக் கெடக்கா பிள்ள" என்ற மதினியின் முகம், பிரகாசியைப் பார்த்ததும் சுருங்கியது. அமலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா பேசினது அதன் இடது பக்கம், வராந்தா இரைச்சல் வேறு. அத்தை முகம் ஏன் மாறிப்போயிற்று என்று அத்தையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு கழுத்தைத் திருப்பி வலது காதை உயர்த்திக் காட்டிக்கொண்டு, "என்னம்மா சொன்ன?" என்று கேட்டது. இந்தக் கொஞ்ச நாளில் அந்தத் திருப்பல் அதற்குப் பழகிவிட்டிருந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒண்ணுமில்லட்டி, வா வீட்டுக்குப் போவோம், மாவு இருக்கு தோசை சுடுவோம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, மதினிகூட மறுபேச்சு பேசமாட்டாள், சொன்ன சொல் சொல்லாததாகிவிடும். பிரகாசி பிள்ளையின் பிடியில் இருந்து தன் கையை மெல்ல, மெல்லத்தானா என்று பார்த்துக்கொண்டே, விடுவித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் குனிந்து, நல்ல காதின் பக்கம் வாயைக் கொண்டுபோய், நன்றாகக் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னாள்.